சாவி இல்லாமல் ஏறிய முள்

நாமக்கல்லின் பரமத்தி சாலையில், ஐப்பசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை ஆறே முக்கால் மணிக்கு, ராக்கியண்ணனுடைய லாரியின் ஆயில் மீட்டர் முள், இன்ஜின் ஓடாத நிலையில், சாவி போடாத நிலையில், பூஜ்யத்தை விட்டு எழுந்து நாலாம் எண்ணில் போய் நின்றது. சாவி அவனுடைய சட்டைப் பையில் இருந்தது. சட்டை அவன் உடம்பில் இருந்தது. உடம்பு ஜெயமணியின் டீக்கடை பெஞ்சில் இருந்தது. பெஞ்சுக்கும் லாரிக்கும் நடுவே இருபதடி வெயில் இருந்தது. கதவில் பெயர் எழுத வந்த பெயின்டர் நஞ்சப்பன்தான் முதலில் அதைப் பார்த்தான். பார்த்தவன், தூரத்தில் மழை இறங்குவதைச் சொல்லுகிறவன் போல, தூரிகையைக் கீழே வைக்காமலே சொன்னான்:

"ஏனுங்க ராக்கியண்ணா, உங்க வண்டி நின்னுக்கிட்டே ஓடுதுங்க."

"டீயைக் குடிச்சிட்டு வர்றேன். அது வரைக்கும் ஓடட்டும்" என்றான் ராக்கியண்ணன்.

சிறிது நேரம் கழித்து அந்த முள் இருமுறை துள்ளியது. ஐந்தரைக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் ஐந்தரைக்குப் போய்த் திரும்பி, பிறகு நாலிலேயே நிலைத்தது. நஞ்சப்பன் அதையும் பார்த்தான்.

லாரியை அறியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் உரசாமல் காப்பது எண்ணெய். அந்த எண்ணெயைக் கீழ்த்தொட்டியிலிருந்து உறிஞ்சி மேலே தள்ளுவது ஆயில் பம்பு. எவ்வளவு வலுவாகத் தள்ளுகிறது என்று ஓட்டுகிறவனுக்குச் சொல்லுவது ஆயில் மீட்டர். முள் நாலில் நின்றால் இன்ஜின் நலமாக இருக்கிறது. ஒன்றுக்குக் கீழே இறங்கினால், அடுத்த சில நிமிடங்களில் இரும்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த இன்ஜினை அதன் பிறகு எவராலும் சுற்ற முடியாது.

நான் அந்தச் சாலையில் நாற்பத்தொரு ஆண்டுகளாக இன்ஜினும் மீட்டரும் பார்க்கிறவன். எந்தப் பட்டறையிலும் எவர் காலடியிலும் அமர்ந்து இதை நான் கற்றதில்லை. பழுதான இன்ஜின்களே எனக்குப் பாடம் சொல்லின. நீண்ட திருப்புளியின் முனையை இன்ஜின் மேல் ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதில் வைத்து, ஒரு பீடி எரிகிற நேரத்தில் உள்ளே தேய்ந்திருப்பது எது என்று சொல்லுவேன். 'திறக்காமல் நோய் சொல்லும் அர்த்தநாரி' என்று கரூரிலும் சேலத்திலும் என்னைச் சொன்னார்கள். அப்பெயரை நான் விரும்பினேன். என் துன்பம் அங்கிருந்துதான் தொடங்கியது.

முள் தானாக ஏறியதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பு, மாசி மாதத்தில், அதே லாரியை ராக்கியண்ணன் என்னிடம் கொண்டுவந்திருந்தான். காலைக் குளிரில் முள் நாலில் நிற்கும். இன்ஜின் சூடேறினால் ஒன்றுக்கு விழும். விழுந்த மறுகணம் மூன்றுக்குத் தாவும். உட்கார இடம் தெரியாத மனிதன் போல அங்குமிங்கும் அலையும். நான் திருப்புளியை ஊன்றிக் காதை வைத்தேன். பீடி பாதி எரிவதற்குள், இன்ஜினின் நடுத்தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜின் முடிந்தது என்று சொல்லிவிட்டேன்.

"அடிச் சேம்பரைக் கழட்டி ஒருக்கா பாத்துரலாமுங்களாண்ணா?" என்று ராக்கியண்ணன் கேட்டான். சேம்பர் என்பது இன்ஜினின் அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டி.

"திறந்து பாக்கறவனுக்குக் காது எதுக்குடா?" என்றேன். பட்டறை முழுவதும் சிரித்தது. அவனும் சிரித்தான். அந்த இன்ஜின் இறக்கப்பட்டு, சேலத்திலிருந்த பழைய இன்ஜின் வியாபாரி ஒருவரிடம் போயிற்று. சீர்செய்த வேறொரு இன்ஜின் அதன் இடத்தில் ஏறியது.

புதிய இன்ஜின் ஏறிய நாள் முதல் முள் எழவே இல்லை. சோதனை மீட்டரை இன்ஜினிலேயே நேராகத் திருகிப் பார்த்தேன், நாலரை இருந்தது. ஆகவே இன்ஜின் நலம், மீட்டர்தான் செத்தது என்று முடிவுகட்டி, டேஷ்போர்டுக்குக் கீழே சிறிய புது மீட்டர் ஒன்றைப் பொருத்திக்கொடுத்தேன். பழையதைக் கழற்ற ராக்கியண்ணன் ஒப்பவில்லை. "ஓட்டை பாக்க நல்லாருக்காதுங்கண்ணா" என்றான்.

அப்படிச் செத்ததென்று நான் சொன்ன மீட்டர்தான் அந்தத் திங்கட்கிழமை எழுந்து நின்றது. முறைப்படி எல்லாம் செய்தேன். பேட்டரியைக் கழற்றினேன், முள் நின்றது. எர்த் ஒயரைச் சுரண்டினேன், நின்றது. இன்ஜினில் இருக்கும் சென்சாரைப் பிடுங்கினேன், நின்றது. கடைசியாக மீட்டரின் பின்னாலிருந்த இரண்டு ஒயர்களையும் கத்தரித்தேன். ஒயர்கள் இரண்டும் மீசை போலத் தொங்க, முள் நாலில் நின்றது.

"வெட்டியும் நிக்குதுங்களே" என்றாள் ஜெயமணி, டீ கிளாஸை நீட்டியபடி.

"நிக்கட்டும்" என்றேன். வேறென்ன சொல்லுவது?

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு முள் இறங்கியது. புதன்கிழமை காலை எழுந்தது, வியாழக்கிழமை இறங்கியது. வெள்ளி முழுவதும் உறங்கியது. சனிக்கிழமை எழுந்து ஞாயிற்றுக்கிழமை இறங்கியது. திங்களன்று மறுபடியும் எழுந்தது. எழுந்த ஒவ்வொரு முறையும், கால்மணி நேரம் கழித்து, இருமுறை துள்ளியது. நஞ்சப்பன் தன் தகரக் கொட்டகைக் கதவில் மஞ்சள் பெயின்டால் கிழமைகளை எழுதி, ஏற்றத்தையும் இறக்கத்தையும் கோடிட்டு, துள்ளலுக்கு இரண்டு புள்ளிகள் வைத்தான். தையிலேயே கதவு நிறைந்துவிட்டது, பக்கத்துக் கொட்டகையின் கதவை இரவல் கேட்டான், அவர்களும் கொடுத்தார்கள்.

ஒரு சாலை முழுவதும் ஒரு முள்ளுக்குப் பழகிப்போன விதத்தை எண்ணினால், பழகாமலிருந்த முந்தைய நாள்களே எனக்கு வியப்பாகத் தோன்றுகின்றன. லாரிக்குப் பாடி கட்டும் ஆசாரிகள் முள் எழுந்த பிறகுதான் முதல் பலகையை அறுத்தார்கள். வெல்டிங்காரர்கள் அது இறங்கும் நாளில் எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். இரண்டு வீட்டார் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்ய வந்தபோது, முள் மூன்றுக்கு மேலே இருக்கிறதா என்று ஆளனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் தட்டை எடுத்தார்கள். ஒருவர் மீட்டரின் கண்ணாடியில் குங்குமம் வைத்தார். ஜெயமணி ஏறிப் போய் அதை முந்தானையால் துடைத்தாள். "சாமியாவே இருக்கட்டுமுங்க. கண்ணு தெரிய வேண்டாமுங்களா?" என்றாள். ராக்கியண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூருக்குப் போனால், காலையில் அவன் டீக்கடைக்குப் போன் செய்து, "நாலு" என்று ஒரே சொல் சொல்லிவிட்டு வைத்தான். அந்தச் சொல் வராத காலைகளில் எவருக்கும் டீ இறங்கவில்லை.

ஆனால் முள்ளோடு கூடவே, அதன் அமைதியின்மையும் சாலைக்குள் வந்துவிட்டது. நாலில் நிற்கிறது என்று தெரிந்தும் மனிதர்கள் எழுந்துபோய்ப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, உட்கார்ந்த இடம் சூடேறுவதற்குள் மறுபடி எழுந்தார்கள். ஆசாரிகள் ஒரே பலகையை மும்முறை அளந்தார்கள். அது எதைக் காட்டுகிறது என்று ஒருவருக்கும் தெரியாததே காரணம். அணையின் தண்ணீர் என்றார் ஒருவர். விபத்தில் மாண்ட ஓட்டுநர் ஒருவரின் மூச்சு என்றார் இன்னொருவர். என்னைக் கேட்டவர்களிடம், மீட்டர் பழுது என்று மட்டும் நான் சொன்னேன்.

சித்திரை மூன்றாம் நாள், சனிக்கிழமை, முள் எழ வேண்டிய காலையில் எழவில்லை. திங்கட்கிழமையும் எழவில்லை. ஒரு வாரம் போயிற்று. சாலை முதலில் கோபப்பட்டது, பிறகு பயந்தது, பிறகு அழுதது. பதினாறாம் நாள் எல்லோருமாகச் சேர்ந்து, இறந்தவருக்குச் செய்வது போலவே, இலை போட்டுக் காரியம் செய்தார்கள். லாரிக்கு மாலை போட்டார்கள். எவருக்குப் படைக்கிறோம் என்று தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று கறியும் சைவமும் தனித்தனியாக வைத்தார்கள். ராக்கியண்ணன் அந்த மாலையோடேயே கரூருக்கு லோடு அடித்தான்.

வைகாசி முழுவதும் முள் கிடந்தது. ஆனி முதல் நாள், ஒரு புதன்கிழமை, காலை ஆறே முக்காலுக்கு அது எழுந்து நாலில் நின்று, கால்மணி கழித்து இருமுறை துள்ளியது. சாலையே வெளியே ஓடிவந்தது. காரியம் செய்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வேளையில், இராமநாதபுரத்திலிருந்து ஐஸ் பெட்டிகளில் மீன் கொண்டுவரும் காதர் மைதீன் தன் வேனை நிறுத்தி, என்ன கூட்டம் என்று விசாரித்து, நஞ்சப்பனின் கதவுகளை முதலிலிருந்து கடைசிவரை நடந்து படித்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்குப் போயி காரியம் வேற பண்ணுனீங்களா? திங்கள், புதன், சனி கடலுக்குப் போறது, மறுநாக் காலையில கரைக்கு வாறது. எங்க பக்கத்து விசைப்படகு முறைல்ல இது? அறுபத்தொரு நாளு கிடந்துச்சுன்னா, அது தடைக்காலம். மீனு குஞ்சு பொரிக்கிற காலம்னு எந்தப் படகும் போகாது. உங்க முள்ளு சாகலய்யா. கரையில கட்டிக் கிடந்துச்சு."

"படகுல லாரி இன்ஜின் ஏதுங்க?" என்றாள் ஜெயமணி.

"படகுல வேற என்ன இன்ஜின்னு நினைச்சீக? பழைய லாரி இன்ஜின வாங்கித்தான் பாதிப்பேரு போட்டு ஓட்டுறான்."

எல்லோருடைய முகமும் தெளிந்தது. பார்த்தறியாத கடல் ஒன்று தங்கள் சாலையில் ஓடுகிறது என்று தெரிந்ததும், அதையும் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்; அன்று முதல் திங்கட்கிழமைகளில் ஜெயமணி காற்று எப்படி என்று வானத்தைப் பார்த்துச் சொல்லலானாள். கூட்டத்தில் இரண்டு பேர் மட்டும் தெளியவில்லை. ராக்கியண்ணன் என்னைப் பார்த்தான். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

ஆடி பிறந்தது. ஆடியின் முதல் புதன்கிழமை பத்து மணியளவில் முள் நாலிலிருந்து நழுவி இரண்டுக்கு வந்து, மூன்றுக்குத் தாவி, மறுபடி விழுந்தது. சாலைக்கு அது புதுமை; எனக்குப் புதுமையில்லை. அந்த நடுக்கத்தை நான் அறிவேன். முந்தைய ஆண்டு மாசியில் என் கண்ணெதிரே ஆடிய அதே நடுக்கம், அதே இடங்களில் விழுந்து அதே இடங்களில் எழுந்தது. சனிக்கிழமை ஒன்றரைக்கு விழுந்தது. திங்கட்கிழமை ஒன்றைத் தொட்டது. நான் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினேன். பட்டறையிலும் என்னால் உட்கார முடியவில்லை. எங்கோ, எனக்குத் தெரியாத தண்ணீரில், நான் செத்ததென்று சொன்ன இன்ஜினை நம்பி எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்பதையே மனம் எண்ணிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை ராக்கியண்ணன் வந்து, பட்டறை வாசலில் நின்றுகொண்டே கேட்டான்.

"அது நம்ம வண்டியோட பழைய இன்ஜின்தானுங்களேண்ணா?"

"செத்த இன்ஜின் எப்படிடா கடலுக்குப் போகும்?"

"நானும் அதைத்தானுங்க கேக்கறேன். செத்துப்போச்சுன்னு சொன்னது யாருங்க?"

நாற்பத்தொரு ஆண்டுகளில் என்னிடம் இப்படி எவரும் பேசியதில்லை. திருப்புளியைத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பத் துடைத்தேன்.

"அன்னைக்கு நான் திறக்கலைடா" என்றேன் கடைசியில்.

அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். "செரி, போனைப் போடுங்க" என்றான்.

சேலத்து வியாபாரி பழைய சீட்டைத் தேடி, பாம்பனுக்கு இப்பாலுள்ள ஒரு கரையில் இன்னாசிமுத்து என்பவர் அந்த இன்ஜினை வாங்கியதாகச் சொல்லி எண்ணைக் கொடுத்தார். அழைத்தேன். அவருடைய மனைவி எடுத்தாள். நாமக்கல்லிலிருந்து பேசுவதாகவும், அவர்கள் படகின் ஆயில் பிரஷர் இறங்குவதை இங்கே மீட்டரில் பார்ப்பதாகவும் சொன்னேன்.

"நாமக்கல்லுல இருந்தே தெரியுதாண்ணே? அடுத்து ஓடிபி கேப்பீகளா? வைங்க போனை" என்று அவள் வைத்துவிட்டாள். அதன் பிறகு என் எண்ணை அவள் எடுக்கவில்லை. சனிக்கிழமை முள் முக்காலைத் தொட்டு எழுந்தது.

இராமநாதபுரத்துக்கு ஒரு முட்டை லோடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் புறப்பட்டோம். சாலையே நின்று வழியனுப்பியது. நஞ்சப்பன் லாரியின் நெற்றியில், எவரும் கேளாமலே, ஒரு மீன் வரைந்துவிட்டான். இருநூற்றைம்பது அட்டைப்பெட்டி முட்டைகளுக்காக ராக்கியண்ணன் மெதுவாக ஓட்டினான். எனக்கோ ஒவ்வொரு மைலும் ஊர்ந்தது. திங்கள் காலை குடோனில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கும்போதே முள் எழுந்தது. இருமுறை துள்ளியது. துள்ளி முடித்தபோது நாலுக்குத் திரும்பவில்லை; மூன்றில் நின்றது. நாங்கள் கரையை அடைந்த ஒன்பதரை மணிக்கு அது ஒன்றரையில் நடுங்கிக்கொண்டிருந்தது.

இன்னாசிமுத்துவின் மனைவி புஷ்பமேரி, பனையோலைப் பந்தலின் கீழ் வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்ததும் தலையை நிமிர்த்தினாள்.

"அந்தப் போன் குரலுதானே? ஓடிபி வாங்க நேர்லயே வந்துட்டீகளாக்கும்."

"அம்மா, ஒருக்கா வண்டியில ஏறிப் பாருங்க. அப்புறம் திட்டுங்க."

அவள் ஏறினாள். தொங்கும் ஒயர்களையும், அவற்றின் மேலே நடுங்கும் முள்ளையும் பார்த்தாள். இது எத்தனை மணிக்கு எழுந்தது என்று கேட்டாள். சொன்னேன். எழுந்ததும் என்ன செய்தது என்று கேட்டாள். இருமுறை துள்ளியதைச் சொன்னேன். அவள் முகத்திலிருந்த கேலி வடிந்தது.

"முனையில மாதா கோயிலு இருக்கு. அதைத் தாண்டையில ரெண்டு தடவை இன்ஜின முறுக்கிவிட்டு மாதாவுக்குச் சொல்லிட்டுத்தான் போவாரு. அது எங்க வீட்டுக்காரருதான்" என்றாள். பிறகு கீழே குனிந்து உரக்கச் சொன்னாள்: "ஏய், யாராவது வாக்கி டாக்கிய எடுத்துட்டு வாங்க! படகு முள்ளு நாமக்கல் லாரியில கிடக்கு!"

பந்தலில் இருந்த பெண்கள் வலைகளைப் போட்டுவிட்டு வந்தார்கள். ஒருத்தியும் எப்படி என்று கேட்கவில்லை. தங்கள் ஆட்களின் படகு எந்த லாரியிலாவது இருக்கிறதா என்றுதான் ஒருத்தி கேட்டாள். லாரியின் நிழலில் அவர்கள் உட்கார்ந்தார்கள். பரமத்தி சாலையில் நாங்கள் விட்டு வந்த அந்த அமைதியின்மை, அவர்களிடம் ஓசையில்லாமல் வந்து சேர்ந்தது.

வாக்கி டாக்கி வந்தது. புஷ்பமேரி அழைத்தாள்; கரகரப்புக்கு நடுவே இன்னாசிமுத்துவின் குரல் கேட்டது.

"என்ன புஷ்பம்? வலை இறக்கியாச்சு. சொல்லு."

"இன்ஜின்ல எண்ணெ ஏறலையாம். உடனே நிப்பாட்டுங்க."

"யாரு சொன்னா? மீட்டரு நாலு காட்டுது. கல்லு மாதிரி நிக்குது."

நான் கருவியை வாங்கினேன். என் பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன்.

"நாமக்கல்லுல இருந்து வந்து எனக்கு இன்ஜின் சொல்லித் தாறீகளா? இங்க நிப்பாட்டுனா நீவாட்டுத் தண்ணி இழுத்துக்கிட்டுப் போயி வலைய பாறையில போட்டுரும். ஆறு பேரு இருக்கோம். வலைய நீங்க வாங்கித் தருவீகளா?"

லாரிக்குள் முள் ஒன்றைத் தொட்டது. ராக்கியண்ணன் கதவின் படியில் நின்று, "ஒண்ணுங்கண்ணா" என்றான்.

அந்த அலைவரிசையில் நாற்பது படகுகள் இருந்தன, நாற்பதும் கேட்டுக்கொண்டிருந்தன. ராக்கியண்ணனிடம் கூட முழுவதும் சொல்லாத ஒன்றை, முகமறியாத அத்தனை பேரின் காதிலும் சொன்னேன்.

"தம்பி, அந்த இன்ஜின் எனக்குத் தெரியும். போன வருசம் மாசியில அதைச் செத்துப்போச்சுன்னு சொன்னவன் நான்தான். சேம்பரைத் திறந்து பாக்காமச் சொன்னேன். பேருக்காகச் சொன்னேன். அதுக்கு ரெண்டு வாரம் முந்தி, ஒழுகுதுன்னு வந்தப்ப, அந்தச் சேம்பருக்குப் பேஸ்ட் வச்சு ஒட்டினவனும் நான்தான். உள்ள என்னமோ அடைச்சிருக்குது. என்னைய நம்ப வேண்டாம், உங்க மீட்டரையும் நம்ப வேண்டாம். இன்ஜின ஒரே ஒருக்கா நிப்பாட்டிட்டு, உங்க மீட்டரைப் பாருங்க. நின்ன இன்ஜினுக்கு முள் பூஜ்யத்துக்கு வரணும். வந்துச்சுன்னா நான் பொய்யன். திரும்பப் போட்டு ஓட்டுங்க."

கரகரப்பு மட்டும் கேட்டது.

"முக்காலுங்க" என்றான் ராக்கியண்ணன். பிறகு, "அரைங்க." பிறகு அவன் படியிலிருந்து விலகி எனக்கு இடம் விட்டான். நான் எட்டிப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் கிடந்தது.

பூஜ்யம் இருவகைப்படும் என்பதை அன்றுதான் அறிந்தேன். மனிதன் நிறுத்திய இன்ஜினின் பூஜ்யம் ஒன்று. இரும்பு இரும்பைப் பிடித்து நின்றுபோன இன்ஜினின் பூஜ்யம் மற்றொன்று. இரண்டுக்கும் முள் ஒரே இடத்தில்தான் படுக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல உலகத்தில் மீட்டர் கிடையாது. என் திருப்புளிக்கும் அத்தனை நீளம் இல்லை. புஷ்பமேரி மேலே ஏறி என் பக்கத்தில் நின்று முள்ளையே பார்த்தாள். அவளுடைய கையில் நண்டின் கால் ஒன்று இருந்தது; அதை அவள் ஒவ்வொரு கணுவாக ஒடித்தாள். கடைசிக் கணுவை ஒடித்தபோது குரல் வந்தது.

"நிப்பாட்டியாச்சு" என்றது. சிறிது நின்று, தணிந்து, மறுபடியும் வந்தது: "நிப்பாட்டியாச்சுண்ணே. நிப்பாட்டின பெறகும் நாலு காட்டுது."

அவருடைய மீட்டர் முள் நாலிலேயே துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக என்று எவருக்கும் தெரியாது. அருகிலிருந்த ஒரு படகு கயிறு வீசி இழுத்துக்கொள்ளப் புறப்பட்டது. வலையை அறுத்து விட்டார்கள். மாலை நாலரை மணிக்கு, ஒரு படகின் பின்னே இன்னொரு படகாக, ஓசையில்லாமல் கரைக்கு வந்தார்கள். புஷ்பமேரி ஆறு தலைகளையும் விரல் நீட்டி எண்ணினாள். எண்ணி முடித்ததும் புருஷனைப் பார்த்து, "மாதாவுக்கு ரெண்டு முறுக்கு முறுக்கத் தெரியுது. மீட்டரைத் தட்டிப் பாக்கத் தெரியல" என்றாள்.

மறுநாள் காலையில் படகின் வயிற்றுக்குள் இறங்கிச் சேம்பரைக் கழற்றினேன். பேரிங் தொப்பிகளைத் திறந்து பார்த்தேன்; நான் தேய்ந்துபோனது என்று சொன்ன பேரிங்குகள் வழவழவென்று மின்னின. பம்பு எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயில் இருந்த கம்பிச் சல்லடையைப் பேஸ்ட் துண்டுகள் அடைத்திருந்தன. தேவைக்கு மேல் நான் அப்பியது, உட்புறம் பிதுங்கி, காய்ந்து, பிய்ந்து விழுந்திருந்தது. சூடேறி எண்ணெய் விரைய விரைய அத்துண்டுகள் சல்லடையில் போய் ஒட்டும்; ஒட்டும்போது முள் விழும்; ஒன்று விலகினால் எழும். மாசி மாதத்து நடுக்கமும் ஆடி மாதத்து நடுக்கமும் அவ்வளவுதான். இடைப்பட்ட மாதங்களில் அவை தொட்டியின் அடியில் படிந்து கிடந்திருக்க வேண்டும். பெரிய துண்டு ஒன்றை எடுத்துத் துணியில் துடைத்தேன். அதில் ஒரு பெருவிரலின் ரேகை பதிந்திருந்தது. ரேகையின் நடுவே, முன்னொரு காலத்தில் விசிறி பெல்ட்டில் சிக்கிக் கிழிந்த தழும்பு குறுக்காக ஓடியது. என் இடது பெருவிரலை அதன் மேல் வைத்தேன். பொருந்தியது.

இன்னாசிமுத்து என் தோளுக்கு மேலாக அதைப் பார்த்தார்.

"பத்து மாசமா உங்க விரலை வச்சுக்கிட்டா நான் கடலுக்குப் போனேன்?"

"ஆமா தம்பி."

"வலையும் போச்சு" என்றார். நாங்கள் திரும்பிய பிறகு, பரமத்தி சாலையார் எல்லோருமாகச் சேர்ந்து அந்த வலையை வாங்கி அனுப்பினார்கள். முள்ளுக்குச் செய்த காரியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்கு வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை.

சல்லடையைக் கழுவி, பேஸ்ட் படாமல், ஒழுகாமல் தடுக்கும் புதுக் கேஸ்கெட் வைத்து, லாரியிலிருந்த சிறிய மீட்டரைக் கழற்றிப் படகில் பொருத்தி, இன்ஜினைக் கிளப்பினோம். படகில் நாலு. கரையில் நின்ற ராக்கியண்ணன் லாரிக்குள்ளிருந்து கையை நீட்டி நாலு விரல்களைக் காட்டினான். பிறகு அவன் ஒரு நல்ல காரியம் செய்வதாக எண்ணி, பழைய மீட்டரை டேஷ்போர்டிலிருந்து கழற்றி, துணியால் துடைத்து, புஷ்பமேரியிடம் நீட்டினான்.

"நீங்களே வச்சுக்கங்கக்கா. அண்ணன் கடல்ல இருக்கையில வீட்டுல இருந்தே பாத்துக்கலாமுங்க."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் தம்பி. நேத்து அது விழுந்து கிடந்த அந்தச் செத்த நேரம் போதும், இந்தச் சென்மத்துக்கு. ஒவ்வொரு தடவை விழுகையிலயும் நிப்பாட்டுனாரா நின்னுபோச்சான்னு நான் எங்கிட்டுப் போயிக் கேக்க? நான் கடலைப் பாத்துக்கிறேன், எனக்கு அது போதும். இதை அவருகிட்டக் குடுங்க." என்னைக் காட்டினாள். "தப்புப் பண்ணவருல்ல முழிச்சிருக்கணும்?"

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பது போலச் சொன்னாள். நான் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது அந்த மீட்டர் என் பட்டறைச் சுவரில், திருப்புளி தொங்கிய ஆணியில் தொங்குகிறது. திருப்புளி கீழே கருவிப் பெட்டியில் கிடக்கிறது. முள் நடுங்கும் வண்டிகள் வந்தால், ஓட்டுநர்கள் பழக்கத்தில் என் காதைப் பார்க்கிறார்கள். நான் கோணியை விரித்து, ஸ்பேனரோடு வண்டிக்கடியில் படுக்கிறேன். வண்டிக்கடியில் படுத்திருக்கும்போதும் சுவரைப் பார்க்க முடிகிற இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, நாலில் நின்ற முள் ஒரு நடுக்கமும் இல்லாமல் பூஜ்யத்தில் விழுந்தது. எழுந்துபோய் அருகில் நின்றேன். கண்ணாடியைத் தட்டினேன். கிரீஸ் கையோடு போனை எடுத்தேன்.

"அண்ணே" என்றாள் புஷ்பமேரி, நான் பேசுவதற்கு முன்பே. "பாறையில வலை மாட்டியிருக்கும். நிப்பாட்டிட்டு எடுப்பாக. இந்த மாசம் இது அஞ்சாவது போன். வைங்க. எனக்கு நண்டு கிடக்கு."

"நிப்பாட்டுனதுதானா?"

"எனக்கெப்படிண்ணே தெரியும்? மீட்டரு உங்ககிட்டதானே இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

ஜெயமணி டீ கொண்டுவந்து வைத்தாள், ஆறியது. வண்டிக்காரர் ஒருவர் கூப்பிட்டார், இருங்கள் என்றேன். பட்டறைக்குள் அந்தக் கோடிக்கு நடந்தேன், இந்தக் கோடிக்கு நடந்தேன். பிறகு சுவரருகே வந்து, கண்ணாடியின் மேல், பூஜ்யம் இருக்கிற இடத்தில், இடது பெருவிரலை வைத்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்து, அந்தத் தழும்புக்கு அடியிலிருந்து, முள் மெல்ல நகர்ந்து வெளியே வந்து, மேலே ஏறத் தொடங்கியது.